முன்பல்லுக்குப் பீங்கான், கடைவாய்க்குத் தங்கம்

திங்கட்கிழமை காலையில் தெற்கே பஸ் ஏறப் போகிற என் மகளுக்கு,

இந்தக் காகிதங்களை உன் பெட்டியில் வெள்ளைக் கோட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். ராமநாதபுரம் பக்கம் நீ போய்ச் சேர்ந்து, தங்குகிற இடத்தில் பெட்டியைத் திறக்கும்போது கண்ணில் படட்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்கு இவர் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். பாலக்கோடு தக்காளி மண்டியில் இருபது வருசமாக ஏலம் கூவுகிறவன் நான். என் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். ஆனால் வீட்டுப் படி ஏறியதும் அந்தக் குரல் எங்கே போகிறதோ தெரியாது. உன்னைப் பற்றி மனதில் இருப்பதை நேரில் சொல்ல ஆரம்பித்தால், பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். காகிதம் என்றால் எழுந்து போக முடியாது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று தபால் வந்த அன்று நீ அதை எடுத்துக்கொண்டு மண்டிக்கே ஓடி வந்தாய். நான் படித்துப் பார்த்துவிட்டு, நாலு வியாபாரிகள் நிற்கும்போதே, "பல்லுப் புடுங்கக் கத்துக்கறதுக்கு மெட்ராஸ் போவணுமா?" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ தபாலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "புடுங்காம வெக்கறதுக்குத்தாங்கப்பா படிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாய். பதினெட்டு வயதுப் பெண்ணின் அந்தப் பதில் எனக்கு அன்று திமிராகத்தான் பட்டது. அதன் பொருள் விளங்க எனக்கு ஒரு பல் உடைய வேண்டியிருந்தது.

நீ நாலாவது வருசம் படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த மரப்பெட்டி ஒன்று நழுவி, அதன் மூலை என் வாயில் இடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்துபோனது. வலியைவிடப் பெரிய கஷ்டம் மறுநாள் ஏலத்தில்தான் தெரிந்தது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவினால் 'த' இருக்கிற இடத்தில் காற்றுதான் வந்தது. "பத்து" என்று நான் சொன்னது யாருக்கும் பத்தாகக் கேட்கவில்லை. வியாபாரிகள் என்னைப் போலவே பேசிக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்து மண்டிக்காரர் என் தோளில் கைபோட்டு, "கொஞ்ச நாளைக்கு வேற ஆளக் கூவச் சொல்லட்டுங்களா? நீங்க எடை பாருங்க" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. என் மகள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. பிறகு, பல்லுப் பிடுங்கக் கற்கிறவள் என்று உன்னைச் சொன்ன வாய்தானே இது? பக்கத்து ஊர்ச் சந்தையில், கண்ணாடிப் பெட்டியில் பல்செட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஒருவரிடம் போனேன். அரை மணி நேரத்தில் உடைந்த பல்லின்மேல் தங்க நிறத்தில் ஒரு உறையை மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவருக்கு இருந்த தங்கப்பல் மாதிரியே மின்னியது. எனக்கு ஒரே பெருமை. மண்டியில் காரணமில்லாமல் சிரித்தேன். 'த' ஓரளவுக்குத் திரும்பி வந்தது, என் வேலையும் கையில் நின்றது.

நாலைந்து மாதம்தான். உறைக்குக் கீழே துடிக்க ஆரம்பித்தது. பிறகு மேல் உதடு வீங்கியது. நீ பொங்கலுக்கு வந்தபோது தோளில் இருந்த துண்டை வாய்மேல் பிடித்துக்கொண்டு, சளி என்றேன். நீ சாப்பாட்டின்போது எதிரில் உட்கார்ந்து, நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கை கழுவிவிட்டு வந்ததும் கதவோரம் வெளிச்சமாக இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டாய்.

"உக்காருங்கப்பா. வாயத் தொறங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"ஒண்ணுமில்லன்னா தொறக்கறதுல என்னங்க?"

திறந்தேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். யார் போட்டது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். நீ மெதுவாக உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிச்சிருக்கும், எப்படிங்கப்பா பொறுத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாய். கண்ணு, என் வாழ்க்கையில் ஒருவர் என்னைத் தோற்கடித்தது அந்த ஒரு கேள்வியில்தான். அடுத்த நாளே உன்னோடு மெட்ராஸ் கிளம்பினேன்.

அங்கே கொத்தவால் சாவடியில் எனக்குத் தெரிந்த தக்காளி வியாபாரி வீட்டில் தங்கிக்கொண்டு கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்துபோனேன். உறையைக் கழற்றியபோது வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. நீ முகத்தைத் திருப்பவில்லை. சீழை எடுத்து, பல்லின் வேருக்குள் ஊசி போன்ற மெல்லிய கம்பிகளை விட்டுச் சுத்தம் செய்து, நாலைந்து தடவை வரச்சொல்லி, வேரை அடைத்து, அதில் ஒரு சிறு தூண் மாதிரி ஊன்றினாய். பல்லைப் பிடுங்காமல் வைத்துவிட்டாய். இனி அதன்மேல் ஒரு உறை போட வேண்டும் என்றாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "தங்கத்துலயே போட்டுடு கண்ணு, இந்தத் தடவ நெசத் தங்கம்" என்றேன். அப்போது உன் பேராசிரியர் வந்தார். கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்துவிட்டு, "முன்பல்லுக்கு முழுசாப் பீங்கான்தான் அழகு. நாளைக்கு அளவெடுத்துடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நீ அவர் பின்னாலேயே போனாய். நான் நாற்காலியில் சாய்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க சார். அவங்க வேல செய்யற எடத்துல ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்றேன்."

"பல்லு வாய்ல இருக்கு. வேல செய்யற எடத்துல என்ன பாப்ப?"

"அந்தப் பல்ல வெச்சு என்னென்ன பண்றாங்கன்னு பாக்கணும் சார்."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, பரீட்சையில் கைவைத்துவிடுவாரோ என்று. "சரி, பாத்துட்டு வா" என்றார். பெரிய மனிதர்தான்.

தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி என்னை ஊருக்கு அனுப்பினாய். நீயும் சனிக்கிழமை வந்து, ஞாயிறு காலை என்னோடு மண்டிக்கு வந்தாய். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். வியாபாரிகள், "பொண்ணு கணக்கு எழுதுதா?" என்று கேட்டார்கள். ஏலம் முடிந்து டீக்கடைக்குப் போனபோது நோட்டைக் காட்டினாய். பெட்டி கட்டுகிற சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தது பதினோரு தடவை. கொட்டைப்பாக்கைக் கடித்து உடைத்தது மூன்று தடவை. ஏலம் சூடேறும்போது பற்களை நறநறவென்று கடித்தது, எண்ணவே முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் சத்தியமாக நம்பவில்லை. இத்தனை வருசமாகக் கயிற்றைக் கையால் அறுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டீக்கடை பெஞ்சில் நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் உறை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்து நிறம் மாறிவிடும் என்றாய். எஃகு உறை உறுதியானது, ஆனால் முன்னால் போட்டால் வாய்க்குள் டம்ளரைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் என்றதும் டீக்கடைக்காரரே சிரித்துவிட்டார். முழுப் பீங்கான் ரொம்ப அழகு, ஆனால் நான் கடிக்கிற கடிக்கு விரிசல் விட்டுவிடும். "தங்கம் கெட்டதில்லீங்கப்பா. நெசமாவே நல்ல பொருள். ஆனா அத முன்னாடி போட்டா பாக்கறவங்க உங்களப் பாக்க மாட்டாங்க, பல்லத்தான் பாப்பாங்க" என்றாய். கடைசியில், உள்ளே உலோகம், வெளியே தெரிகிற பக்கம் மட்டும் பீங்கான், கடிபடுகிற உள்பக்கம் உலோகமாகவே விட்டுவிடலாம் என்று முடிவு சொன்னாய். "கயித்தக் கடிக்காதீங்கன்னு சொல்லமாட்டியா?" என்று கேட்டேன். "சொல்லுவேன். நீங்க கேக்க மாட்டீங்க. அதையும் சேத்துத்தான் யோசிச்சேன்" என்றாய். கேட்டுக்கொண்டேன் கண்ணு. அன்று மாலையே ஒரு சின்னக் கத்தி வாங்கி இடுப்பில் சொருகினேன்.

மறுபடி மெட்ராஸ் போய் உறைக்கு நிறம் பார்த்த நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு பட்டையில் வரிசையாக மாதிரிப் பற்களை மாட்டி வைத்திருந்தாய். நான் பளீரென்று பால் மாதிரி இருந்ததைத் தொட்டேன். நீ என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வெற்றிலை போட்டு மங்கிய என் பற்களுக்குப் பொருந்துகிற மஞ்சள் ஒன்றை எடுத்தாய். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. புதுப் பல் போட்டும் பழைய நிறமா? "பக்கத்துப் பல்லோட சண்ட போடக் கூடாதுங்கப்பா" என்றாய். உறை வந்த அன்று அதை ஒட்டுவதற்கு முன் மாட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப ஏலம் கூவுங்க" என்றாய். வரிசையாக முப்பது நாற்காலி, எல்லாவற்றிலும் ஆட்கள், எல்லோர் வாயும் திறந்திருக்கிறது. நான் முனகினேன். "மண்டில கூவற மாதிரி" என்றாய். கூவினேன். "நாட்டுத் தக்காளி, ஒரு தரம், ரெண்டு தரம்!" அந்த வார்டே திரும்பியது. ஒரு நர்ஸ் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டாள். நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "நாக்கு இடிக்குது, 'த' கனமா வருது" என்று சொல்லி உறையைக் கழற்றி உள்பக்கம் கொஞ்சம் தேய்த்தாய். மறுபடி கூவச் சொன்னாய். மூன்றாவது தடவை, என் பழைய 'த' எந்தச் சேதமும் இல்லாமல் வந்தது. என் கண் கலங்கியது. நான் விளக்கு வெளிச்சம் என்று சொன்னேன்.

ஊருக்கு வந்து நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை. அதியமான்கோட்டையில் பஸ் நின்றபோது பக்கத்துச் சீட்டு ஆளிடம்கூட எது பொய்ப்பல் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து நீ லீவில் வந்தாய். வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தாய். நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு மெல்லிய கம்பியை உறையின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாய்.

"ஈறு செவந்திருக்குதுங்கப்பா. ஓரம் சரியாப் பொருந்தல. அளவெடுக்கறப்ப நான் பண்ண தப்பு. இதக் கழட்டி வேற போடணும்."

"வலியே இல்ல கண்ணு! ஊரே பாத்து மெச்சுது."

"ஊருக்கு ஓரம் தெரியாதுங்க. எனக்குத் தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. அது உன் முதல் உறை, அதற்கு உனக்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். சும்மா விட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றிரண்டு வருசம் ஓடும் என்று நீயே ஒப்புக்கொண்டாய். அதன்பிறகு ஓரத்தில் சொத்தை விழும், வேர் போகும் என்றாய். மறுபடியும் மெட்ராஸ். உன் பேராசிரியர் முன்னால் போய் நின்று, "சார், நான் பண்ணது சரியில்ல, திருப்பிப் பண்ண அனுமதி குடுங்க" என்று நீ சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் குனிந்து என் ஈறைப் பார்த்தார். "மார்க் போட்டப்ப எனக்கும் தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைத் துடைத்தார். நீ பார்த்துப் பார்த்துச் செய்த உறையை நீயே அறுத்து இரண்டாகப் பிளந்து எடுத்தாய். இருபது வருசமாக மண்டியில் இருக்கிறேன். அடியில் இருக்கிற அழுகல் பழத்தைத் தானே மேலே எடுத்துக் காட்டி ஏலத்துக்கு வைத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அந்த விரல்களில் ஒன்றாக என் மகளும் சேர்ந்தாள் என்று அன்று தெரிந்துகொண்டேன். இரண்டாவது உறைதான் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது. ஈறு இளம் வெற்றிலைக் காம்பு மாதிரி இறுக்கமாக இருக்கிறது என்று போன மாதம்கூட நீ சொன்னாய்.

இதையெல்லாம்விட எனக்கு உறைத்தது வேறு. நீ படிப்பை முடித்து அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி வருசத்தில் இருந்தபோது ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தாய். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ தட்டிலிருந்து நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தாய்.

"ஏம்மா, எடப்பக்கம் மெல்லவே மாட்டேங்கற?"

"பழக்கம்."

"எத்தன நாளா?"

"நீ பத்தாவது படிக்கறப்பருந்து."

உன் அம்மா அதைத் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஏழெட்டு வருசம்! என் ஒரு பல்லுக்காக எத்தனை தடவை மெட்ராஸ் போய் வந்தோம். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அது தெரியவில்லை. அவள் வீட்டில் முறுக்குச் சுடுவாள், சாப்பிட மாட்டாள். கடலை வறுப்பாள், எங்களுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பிடிக்காது என்று நான் நினைத்திருந்தேன். நினைத்தது மட்டுமில்லை, விருந்தாளிகளிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

அம்மாவின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் வேரைச் சுத்தம் செய்த பிறகு உறை என்ன போடுவது என்று நீ எங்களிடம் பேசினாய். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நெலக்கடல கடிக்கலாமா?" என் பல்லுக்குச் சொன்னதையே இதற்கும் சொல்வாய் என்று நினைத்தேன். நீ, "அம்மாவுக்குத் தங்கம்தாங்கப்பா நல்லது" என்றாய். பின்னால் இருப்பதால் அழகு பார்க்க வேண்டியதில்லை, அரைக்கிற பல், தங்கம் உடையாது, எதிர்ப்பல்லையும் தேய்க்காது, ஓரம் நன்றாகப் படியும் என்று விளக்கினாய். அம்மா, "யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல தங்கத்த வெச்சு என்ன பண்றது? எஃகே போதும்" என்றாள். நான் என் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினேன். கல்யாணத்தில் உன் அம்மாவின் அப்பா போட்டது. சோப்பு தடவித்தான் கழற்ற முடிந்தது. உன் கையில் வைத்து, "இதுல பண்ணு" என்றேன். அம்மா என்னை முறைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ எங்கள் இருவரையும் பார்க்காத மாதிரி மோதிரத்தைக் காகிதத்தில் மடித்தாய். அந்த இங்கிதமும் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை.

பயிற்சி முடிந்து சில மாதம் எங்களோடு வீட்டில் இருந்தாய், இப்போது உன் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி, தெரியாத ஊர், கடலோரம். உன் சித்தப்பா, மாமா எல்லோரும், பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பாதே, தர்மபுரியிலேயே ஒரு கிளினிக் வைத்துக் கொடு, கல்யாணத்தை முடி என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நீ அங்கே போய் முதலில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வலை பின்னுகிறவர்கள், பனையேறுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் எதை எப்படிக் கடிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுவாய். அந்த மனிதர்களுக்கு இதுவரை யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், என்னைப் போல. அவர்களிடமும் முதலில் வலியைப் பற்றியே கேள். நேரத்துக்குச் சாப்பிடு. நாலு நாளைக்கு ஒரு கார்டு போடு.

உத்தரவு வந்த அன்று நீ என்னிடம், "போவட்டுங்களாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபம் என்று நினைத்து இரண்டு நாள் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கோபம் இல்லை கண்ணு. தக்காளித் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று அழுதேன். உன்னை நினைத்துப் பயந்து இல்லை. தினமும் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்க்க இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான். நேற்று மாலை உன் அம்மா கை நிறைய வறுத்த கடலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கமாகவே மென்று தின்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே வந்து பேனாவை எடுத்தேன்.

போ, கண்ணு. இங்கே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

உன் அப்பா